கொழுப்பைப் பார்த்தால் ஊர் தெரியும்: இத்தாலிய பிஸ்கட் சுட்ட குறிப்புகள்

இத்தாலிய பிஸ்கட் ஒன்றைக் கையில் கொடுத்து, இது எந்தப் பக்கத்தது என்று கேட்டால், நான் முதலில் தேடுவது அதில் என்ன கொழுப்பு போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். வெண்ணெய் மணந்தால் பெரும்பாலும் வடக்கு. ஆல்ப்ஸ் அடிவாரமும் போ ஆற்றுச் சமவெளியும் மாடு வளர்க்கும் பூமி. பன்றிக்கொழுப்பு என்றால் தெற்குப் பக்கம் கையைக் காட்டலாம். கொழுப்பே சேர்க்காமல் முட்டையும் சர்க்கரையும் பாதாமும் வைத்துச் சுட்டிருந்தால் நடு இத்தாலியின் டஸ்கனி என்று சொல்லிவிடுவேன். விலக்குகள் இருக்கின்றன, போகப் போகச் சொல்கிறேன். ஆனாலும் அடுப்பு முன்னால் நிற்கிறவருக்கு இந்தக் கணக்கு கை கொடுக்கும். மாவு எப்படித் திரளும், எவ்வளவு சூடு தாங்கும், சுட்டது எத்தனை வாரம் கெடாமல் இருக்கும் எல்லாமே கொழுப்பைப் பொறுத்து மாறுகிறது. வெறும் அளவுகளை வைத்துக் கலப்பதைவிட, அந்த ஊரில் என்ன விளைந்தது, எதற்காகச் சுட்டார்கள் என்று தெரிந்துகொண்டு கலந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் இருப்பது வடக்கே, பியெமோன்தே மாநிலத்தின் துரின் நகரில். வாடகை வீட்டோடு வந்த மின்சார ஓவன்தான். மேலும் கீழும் கம்பி, பின்னால் ஒரு ஃபேன். குமிழை 180 டிகிரியில் வைத்தால் உள்ளே 165-க்குப் பக்கத்தில்தான் நிற்கும் என்பது, ஒரு சின்ன ஓவன் தெர்மாமீட்டரை வாங்கி நடுத்தட்டில் தொங்கவிட்டபோது தெரிந்தது. கீழே நான் எழுதும் சூடெல்லாம் அந்த தெர்மாமீட்டர் காட்டியது, ஃபேனை அணைத்துவிட்டு. ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வைத்திருப்பவர்கள் எதை வாங்காவிட்டாலும் இதை வாங்கிவிடுங்கள்.

அடுத்தது மாவு. இத்தாலியில் 00 என்று அச்சிட்ட மாவு எல்லாக் கடையிலும் உண்டு. அந்த எண் மாவு எவ்வளவு வெள்ளையாக, தவிடு போக அரைக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. அதன் வலுவைச் சொல்லாது. பீட்சாவுக்கான 00 மாவும் கேக்குக்கான 00 மாவும் ஒரே அலமாரியில் இருக்கும். அதனால் பாக்கெட்டின் பின்பக்கம் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 9 முதல் 10 கிராம் இருந்தால் பிஸ்கட்டுக்குச் சரி. நம் மைதா இதற்குப் பக்கத்தில் வரும். கொஞ்சம் வலுவான மைதாவாக இருந்தால், வெண்ணெய் பிஸ்கட்டுகளுக்கு மட்டும் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு கார்ன்ஃப்ளார் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, முதலில் டஸ்கனியின் பிராத்தோ. ஃப்ளோரன்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். துணி நெசவுக்குப் பேர்போன ஊர். கன்தூச்சி என்று உலகம் முழுக்க விற்கும் பாதாம் பிஸ்கட்டை இந்த ஊர்க்காரர்கள் பிராத்தோ பிஸ்கட் என்றுதான் சொல்வார்கள். வியா ரிக்காசோலி தெருவில் அந்தோனியோ மத்தெய் 1858-இல் தொடங்கிய கடை இன்றும் நடக்கிறது. அடர்நீலத் தாள்பையில் போட்டு, வாயை நூலால் கட்டித் தருவார்கள். 1861-இல் ஃப்ளோரன்ஸில் நடந்த பொருட்காட்சிக்கும், 1867-இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கும் மத்தெய் தன் பிஸ்கட்டைக் கொண்டுபோனார். அதற்கு முன்பே இந்தப் பண்டம் ஊரில் இருந்திருக்கிறது. பிராத்தோவைச் சேர்ந்த அமாதியோ பால்தான்சி என்ற அறிஞர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த செய்முறை ஒன்று அந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் இதற்குக் கொடுத்திருக்கும் பெயர் ஜெனோவா முறை பிஸ்கட். ஜெனோவா கப்பல்காரர்களின் துறைமுகம். மாதக்கணக்கில் கடலில் இருக்கிறவர்களுக்கு ஈரம் போகச் சுட்ட ரொட்டிதான் சாப்பாடு. அந்தக் காய்ந்த ரொட்டி வம்சத்துக்குச் சர்க்கரையும் பாதாமும் வாய்த்ததுதான் இது என்று எனக்குப் படுகிறது. ஒரு ஊர் தன் அடையாளமாகத் தூக்கிப் பிடிக்கும் பண்டத்தின் பழைய தாளில் இன்னொரு ஊரின் பெயர் இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

பிராத்தோ முறையில் வெண்ணெய் கிடையாது, எண்ணெய் கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. டஸ்கனி கன்தூச்சி என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. அந்த விதிகளில் வெண்ணெய்க்கும் இடமிருக்கிறது. அதுவும் நல்ல பிஸ்கட்தான், கடிக்க மெதுவாக இருக்கும். ஆனால் வைனிலோ காபியிலோ தோய்த்துச் சாப்பிடுவதற்கு வெண்ணெய் இல்லாததுதான் சரி. கொழுப்பு இல்லாததால் அதன் சின்னச் சின்னத் துளைகள் வழியாக நனைப்பது சட்டென்று உள்ளே ஏறும், ஆனாலும் உதிராது. உலர்த்திய திராட்சையில் செய்து, சின்ன மரப்பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைத்திருக்கும் வின் சாந்தோ என்ற இனிப்பு வைனில்தான் அங்கே தோய்ப்பார்கள். காபியும் நன்றாகவே பொருந்துகிறது.

நான் எடுக்கும் அளவு: மாவு 300 கிராம், சர்க்கரை 200, ஓடு நீக்கிய முட்டை 120 கிராம் (அதாவது 2 முழு முட்டையும் ஒரு மஞ்சள் கருவும்), தோல் உரிக்காத பாதாம் 150, பைன் விதை 40, ஒரு சிட்டிகை உப்பு. பைன் விதை விலை உயிரை வாங்கும். விட்டுவிட்டு பாதாமைக் கூட்டிக்கொண்டாலும் பிஸ்கட் கெடாது. பாதாமை முன்கூட்டி வறுக்கத் தேவையில்லை. இரண்டு தடவை ஓவனுக்குள் போவதால் அங்கேயே வறுபட்டுவிடும். தோலை எடுத்துவிட்டால் மட்டும் சுவை பாதியாகிறது; அந்த லேசான துவர்ப்புதான் அவ்வளவு சர்க்கரையையும் நிமிர்த்தி வைக்கிறது.

முட்டையும் சர்க்கரையும் நுரைக்கும்படி அடிக்க வேண்டாம். கலந்தால் போதும். மாவைச் சேர்த்ததும் முதலில் பொடிப்பொடியாக, தண்ணீர் போதாத மாதிரி தெரியும். இந்த நேரத்தில் இன்னொரு முட்டை உடைக்கக் கை துடிக்கும். வேண்டாம், இரண்டு நிமிடம் பொறுங்கள். சர்க்கரை முட்டையின் ஈரத்தில் கரையக் கரைய மாவு தானாக இளகி, கடைசியில் கையில் ஒட்டும் பதத்துக்கு வந்துவிடும். அப்போது மாவு தூவவும் வேண்டாம். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. கடைசியில் பாதாமைப் போட்டு, ட்ரேயின் நீளத்துக்கு உருளைகளாக நீட்டி, 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரம் வரும்படி லேசாகத் தட்டிவிடுங்கள். மேலே முட்டை தடவி 180 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். நிறம் வெளிர்பழுப்பாக, அழுத்தினால் ஓரம் கெட்டியாக, நடுவில் மட்டும் கொஞ்சம் அமுங்கும்படி இருக்க வேண்டும்.

வெட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியே எடுத்த உடனே வெட்டினால் நசுங்கும். முழுக்க ஆறவிட்டால் சர்க்கரை கண்ணாடி மாதிரி இறுகிவிடும். கத்தி பாதாமில் பட்டதும் துண்டு அதன் ஓரத்தில் பிளந்து உதிரும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. உருளையைக் கையால் பிடிக்க முடிகிற, ஆனால் நீண்ட நேரம் பிடிக்க முடியாத சூடு. என் சமையலறையில் அது 8 நிமிடம் போல வருகிறது. அந்த நேரத்தில் பலகையில் வைத்து, பல் இல்லாத கனமான கத்தியைச் சாய்வாக நிறுத்தி, அறுக்காமல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். முதலில் மேல்தோல் முறுக்கென்று உடையும், அப்புறம் மாவு வழிவிடும், பிறகு பாதாமில் ஒரு சின்னத் தடை, டக்கென்று ஒரு சத்தம், கத்தி பலகையைத் தொட்டுவிடும். வெட்டிய முகத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு பாதாமும் வழுவழுப்பான வெள்ளை வட்டமாக, சுற்றிலும் பழுப்புக் கோடோடு, மாவோடு மாவாகப் பதிந்திருக்கும். ஒரு பருப்புகூடப் பிய்ந்து வந்திருக்காது. கத்தியில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே வரும். நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். துண்டின் கனம் ஒன்றரை செ.மீ.

பிறகு வெட்டிய முகம் மேலே இருக்கும்படி படுக்கவைத்து, 150 டிகிரியில் பக்கத்துக்கு 8 நிமிடம். இது நிறத்துக்காகச் செய்வதல்ல, உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தை வெளியேற்ற. எடுக்கும்போது லேசாக வளைகிற மாதிரி இருந்தாலும் கவலை வேண்டாம், ஆறியதும் கல்லாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். கெட்டுப்போகக் கொழுப்பும் இல்லை, பூஞ்சைக்கு ஈரமும் இல்லை. பாதாமில் உள்ள எண்ணெய்தான் முதலில் மணம் மாறும், அதற்கும் நாளாகும்.

டஸ்கனியிலேயே தெற்கே சியெனாவுக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் செய்யும் ரிச்சரெல்லி மெத்தென்று இருக்கும். கோதுமை மாவே வேண்டாம். அரைத்த பாதாமை முட்டையின் வெள்ளைக் கருவும் சர்க்கரையும் பிடித்து வைக்கின்றன. கொழுப்பு என்று தனியாக எதுவும் சேர்ப்பதில்லை, பாதாமின் எண்ணெயே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 2010-இல் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. 200 கிராம் பாதாம் பொடி, 170 கிராம் சர்க்கரை, ஒரு முட்டையின் வெள்ளைக் கரு, ஆரஞ்சுத் தோல் துருவல். பிசைந்து மூடி, ஒரு இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஐசிங் சர்க்கரையைப் பலகையில் கொட்டி, அதன்மேல் உருட்டி, சாய்சதுரமாகத் தட்டி, மேலேயும் வெள்ளையாக மூடும் அளவு தூவி, 150 டிகிரியில் 18 நிமிடம். மேல்பகுதி வெடித்து, வெள்ளைக்கு நடுவே பொன்னிறக் கோடுகள் தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது வேகாதது மாதிரி தொளதொளவென்று இருக்கும். அது சரிதான். ட்ரேயிலேயே ஆறவிடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. ரிச்சரெல்லியின் அந்தத் தனி மணம் கசப்புப் பாதாமிலிருந்து வருவது. வடக்கே லொம்பார்தி மாநிலத்தின் சரோன்னோவிலும் லிகூரியா மாநிலத்தின் சசெல்லோவிலும் செய்யும் அமரெத்தி பிஸ்கட்டுகளுக்கு, ஆப்ரிகாட் கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்தும் இதே மணத்தை எடுப்பார்கள். இரண்டிலும் உள்ள அமிக்டலின் என்ற பொருள் நம் உடம்பில் சயனைடாக மாறக்கூடியது. பச்சையாக 3 சின்ன ஆப்ரிகாட் பருப்புக்கு மேல் சாப்பிட்டாலே பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவைத் தாண்டிவிடலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் சொன்னது. குழந்தைகளுக்கு ஒரு சின்னப் பருப்பே அதிகம். அதனால் பழம் தின்று கொட்டையை உடைத்து அரைக்கும் வேலையெல்லாம் வேண்டாம். கடையில் விற்கும் பாதாம் எசென்ஸ் இரண்டு சொட்டு விட்டால் போதும், அந்த மணம் வந்துவிடும்.

இனி வெண்ணெய் நாடு. முன்னால் விலக்குகள் என்று சொன்னேன், அதில் பெரியது ஜெனோவா இருக்கும் கடலோர மாநிலமான லிகூரியா. ஆலிவ் எண்ணெய் இல்லாமல் அங்கே ஒரு வேளைச் சாப்பாடு நடக்காது. ஆனால் அதன் பெயர்பெற்ற பிஸ்கட்டான கனெஸ்ட்ரெல்லி வெண்ணெயில் செய்வது. காரணம் எளிது. அதற்குப் பேர்போன ஊர் கடற்கரையில் இல்லை. ஜெனோவாவுக்குப் பின்னால் மலை ஏறினால் வரும் தொரில்யா அது. ஆலிவ் மரங்கள் கீழேயே நின்றுவிடுகின்றன. மேலே இருப்பது மேய்ச்சல் நிலம். மாநிலத்தின் எல்லைக்கோட்டைவிட மலையின் உயரம்தான் என்ன கொழுப்பு என்பதை முடிவு செய்திருக்கிறது. பியெமோன்தேயில் இதே பெயரைக் கேட்டால் இரும்பு அச்சில் வைத்துச் சுட்ட மெல்லிய வேஃபரைத் தருவார்கள். வாங்கும்போது கவனம்.

வீட்டில் செய்யும் கனெஸ்ட்ரெல்லியில் எனக்குப் பிடித்த இடம் மஞ்சள் கரு. பச்சையாகச் சேர்க்காமல் வேகவைத்துச் சேர்க்கும் முறை ஒன்று இருக்கிறது. 3 முட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் 9 நிமிடம் வேகவைத்து, மஞ்சள் கருவை மட்டும் எடுத்து, சல்லடையில் வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் அடியில் மஞ்சள் தூளாகக் கொட்டும். கையில் எடுத்தால் ஈரமணல் போல ஒட்டும், ஊதினால் பறக்கும். இதை 150 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 75 கிராம் ஐசிங் சர்க்கரை, 100 கிராம் மாவு, 100 கிராம் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், எலுமிச்சைத் தோல் துருவலோடு சேர்த்துப் பிசைய வேண்டும். ஏன் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும்? பச்சைக் கருவில் பாதியளவு தண்ணீர். அது மாவில் கலந்தால் கோதுமையின் ஒட்டும் புரதமான குளூட்டன் இழுவையாகத் திரண்டுவிடும். வெந்த கருவில் அந்தத் தண்ணீர் புரதத்துக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, மாவுக்குக் கிடைப்பதில்லை. பாதி மாவும் குளூட்டனே இல்லாத ஸ்டார்ச். ஆக, இந்தப் பிஸ்கட்டைப் பிடித்து வைப்பது கிட்டத்தட்ட வெண்ணெய் மட்டும்தான். வாயில் போட்டால் பல்லுக்கு வேலையில்லை, நாக்குச் சூட்டில் கரைகிறது.

அதனாலேயே கையாளும்போது பொறுமை வேண்டும். பிசைந்ததும் ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்கட்டும். ஒரு செ.மீ. கனத்துக்குத் தேய்த்து, பூ வடிவ அச்சால் வெட்டி, நடுவில் ஒரு துளை. வெட்டிய பூக்களை ட்ரேயோடு மறுபடி 15 நிமிடம் குளிரவைத்தால் இதழ்களின் ஓரம் ஓவனில் வழியாது. 170 டிகிரியில் 14 நிமிடம். நிறம் மாறவே கூடாது, வெளுப்பாகவே எடுக்க வேண்டும். சுட்டதும் தொட்டால் பொடியாகும், அதனால் ட்ரேயிலேயே விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஆறிய பிறகு ஐசிங் சர்க்கரை.

நான் இருக்கும் பியெமோன்தேக்கு வெண்ணெயோடு ஹேசல்நட்டும் சேர்ந்துகொள்ளும். லாங்கே குன்றுகளில் விளையும் வட்டமான ஹேசல்நட்டுக்கு இங்கே தனி மரியாதை. தொர்த்தோனா ஊரின் பாச்சி தி தாமா என்ற ஜோடி பிஸ்கட் அதில்தான் செய்வது. கணக்கு மனப்பாடமாக நிற்கும்: வறுத்து அரைத்த ஹேசல்நட், மாவு, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் சம எடை. 8 கிராம் உருண்டைகளாக உருட்டி, நன்றாகக் குளிரவைத்து, 155 டிகிரியில் 16 நிமிடம். இரண்டு அரைவட்டங்களை உருக்கிய கறுப்புச் சாக்லேட்டால் ஒட்டினால் முடிந்தது. எடைபோட்டு உருட்டுங்கள், இல்லாவிட்டால் ஜோடி சேராது. கசாலே மொன்ஃபெர்ராத்தோ ஊரின் க்ருமீரி என்ற வளைந்த பிஸ்கட்டும் வெண்ணெய்க்காரர்தான். தோமெனிகோ ரோஸ்ஸி 1878-இல் செய்யத் தொடங்கியது. அந்த வருடம் இறந்துபோன அரசர் இரண்டாம் வித்தோரியோ எமானுவேலேயின் மீசையைப் பார்த்து வளைத்தது என்பார்கள். நட்சத்திர வாய் வைத்த பையில் பிழிந்து வளைக்க வேண்டும். முறுக்கு பிழிந்து பழகிய கைக்கு ஒரு சிரமமும் இல்லை.

சில இடங்களில் கொழுப்பைவிட தானியமே முன்னால் நிற்கிறது. வெனிஸ் பக்கத்து சலெத்தி பிஸ்கட் அப்படி. வெனிஸ் இருக்கும் வெனெத்தோ மாநிலம் முழுக்க ஏழைகளின் சாப்பாடு மக்காச்சோளக் களியான பொலெந்தாவாக இருந்தது. அந்த மாவையே எடுத்து, வெண்ணெயும் முட்டையும் ஊறவைத்த உலர் திராட்சையும் சேர்த்துச் சுடுகிறார்கள். மக்காச்சோள மாவு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டால் சுட்ட பிறகு பல்லில் கரகரவென்று இருக்குமே தவிர மணல் கடிக்கிற மாதிரி இருக்காது. துரினைச் சுற்றிலும் கிடைக்கும் மக்காச்சோள பிஸ்கட்டுக்கும் இதே விதி.

கடைசியாக, தெற்கே சிசிலித் தீவின் பலெர்மோ. எங்கள் கட்டிடத்தில் இருக்கும் ஒரு பாட்டி பலெர்மோக்காரர். 1950களிலும் 60களிலும் தெற்கிலிருந்து துரினின் கார் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்த பெருங்கூட்டத்தோடு வந்த குடும்பம். வெண்ணெய் நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் அவர் வீட்டு ரெஜினெல்லேயில் பன்றிக்கொழுப்புதான். உடம்பு முழுக்க எள் ஒட்டிய, விரல் நீளப் பிஸ்கட் இது. சிசிலிக்கு எள் வந்ததை 827-இல் தொடங்கிய அரபுப் படையெடுப்புக்குப் பின்வந்த காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். தீவின் தென்கிழக்கில் இஸ்பிகா என்ற ஊரில் இன்றும் எள் விதைக்கிறார்கள். அரபுக்காரர்கள் காலத்து எள்ளும், அவர்கள் தொடவே மாட்டாத பன்றிக்கொழுப்பும் ஒரே பிஸ்கட்டில் கூடியிருப்பதைப் பார்த்தால், சிசிலியை யார் யார் ஆண்டார்கள் என்று தனியாகப் படிக்கவே வேண்டாம் போலிருக்கிறது.

250 கிராம் மாவு, 80 கிராம் பன்றிக்கொழுப்பு, 80 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை, கொஞ்சம் பால், உப்பு, எலுமிச்சைத் தோல், 3 கிராம் அமோனியா. அமோனியா என்றால் பயப்பட வேண்டாம். பேக்கரிக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் அமோனியம் பைகார்பனேட்தான். சூடு பட்டதும் அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் பிரிந்து முழுக்கப் பறந்துவிடும், சோடா மாதிரி வாயில் சுவை தங்காது. மெல்லிய, காய்ந்த பிஸ்கட்டுக்கு மட்டும்தான் இது ஆகும். கேக்கில் போட்டால் வாயு உள்ளேயே மாட்டிக்கொண்டு நாறும். சுடும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஓவன் கதவைத் திறக்கும்போது முகத்தைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். வீச்சம் கண்ணைக் கரிக்கும். பச்சை மாவை ருசி பார்க்கவே கூடாது.

பன்றிக்கொழுப்பு சேர்க்காதவர்கள் வெண்ணெயை எடுப்பதைவிட நெய்யை எடுப்பது நல்லது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். நெய்யிலும் பன்றிக்கொழுப்பிலும் தண்ணீரே இல்லை. அந்த வறண்ட மொறுமொறுப்பு வருவது அதனால்தான். நெய்யை உருக்கி ஊற்றாமல், ஃபிரிட்ஜில் வைத்து மணல்மணலாக உறைந்த பிறகு மாவோடு தேய்த்துச் சேர்க்கவும். மணம் சிசிலி மணமாக இருக்காது, ஆனால் கடி சரியாக வரும்.

எள் ஒட்டுவதைப் பாட்டி பக்கத்தில் நின்று பார்த்தார். நான் உருளைகளைப் பாலில் நனைத்து எள்ளில் புரட்டப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார். "மாவை நனைக்காதே மகளே, எள்ளை நனை." எள்ளைக் கிண்ணத்தில் போட்டு, மூழ்கும் அளவு பால் விட்டு, கொஞ்ச நேரத்தில் வடிகட்டி, ஈரமாகவே தட்டில் பரப்பினார். அதன் தோலில் இருக்கும் ஈரம் பிசுபிசுவென்று ஆகி, ஒவ்வொரு எள்ளும் மாவில் தானே அப்பிக்கொள்கிறது. மாவை நனைத்தால் மேலே ஒரு கூழ்ப்படலம் உருவாகி, சுட்டதும் எள்ளோடு சேர்ந்து ஓடாக உரியும். "எவ்வளவு நேரம் சுடணும் சிஞோரா?" என்றேன். "எள் வறுத்த வாசனை முதலில் வரும், அப்போது எடுக்காதே. அது அடங்கி மாவு வாசனை வரும், அப்போதும் எடுக்காதே. இரண்டும் சேர்ந்து வரும்போது எடு" என்றார். என் ஓவனில் அது 190 டிகிரியில் 24 நிமிடம் போல வருகிறது. கனெஸ்ட்ரெல்லி வெளுப்பாக இருக்க வேண்டும் என்றேனே, இது அதற்கு நேர்மாறு. நல்ல செம்பழுப்பு வரவேண்டும். எள்ளின் கசப்பு தொடங்கும் விளிம்பு வரை போகலாம். எடுத்தபின் அணைத்த ஓவனிலேயே கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து ஆறவிட்டால், உள்ளே மிச்சமிருக்கும் அமோனியாவும் போய்விடும், ஈரமும் போய்விடும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சுட்டால் ஒரே டப்பாவில் அடுக்கிவிடாதீர்கள். ரிச்சரெல்லியின் ஈரம் இரவோடிரவாகக் கன்தூச்சிக்குப் போய்விடும். கன்தூச்சி மெத்தென்று ஆகும், ரிச்சரெல்லி ரப்பராகும். காய்ந்த இரண்டும், அதாவது கன்தூச்சியும் ரெஜினெல்லேயும், தகர டப்பாவில் சேர்ந்து இருக்கலாம், நடுவில் ஒரு பட்டர் பேப்பர் போட்டு. ரிச்சரெல்லிக்குத் தனி டப்பா, ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். வெண்ணெய் பிஸ்கட்டுகள் எல்லா மணத்தையும் இழுத்துக்கொள்ளும், எள் பக்கத்தில் வைக்கக்கூடாது. பாச்சி தி தாமாவைக் கோடையில் ஃபிரிட்ஜில் வைக்கத்தான் வேண்டியிருக்கும். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு, டப்பாவைத் திறக்காமலேயே வெளியே எடுத்து வையுங்கள். திறந்தால் சாக்லேட் மேல் நீர் கோர்த்துக்கொள்ளும்.